பள்ளியிடம் எதை, எப்படிக் கேட்பது? வாசகர் கேள்வி – பதில்

கற்றலில் தனிக்கவனம் தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களில், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். குழந்தைகளின் நலன் கருதிப் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மெட்ரிகுலேஷன் பள்ளியில் 4-ஆம் வகுப்பு படிக்கிறான். பாடத்தை வாயால் கேட்டால் தடையில்லாமல் சொல்கிறான்; எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டுவதில்லை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அடுத்த பாடவேளை வந்துவிடுகிறது. வகுப்பாசிரியை அவனைச் சோம்பேறி என்கிறார். சென்ற மாதம் பள்ளி முதல்வர் எங்களை அழைத்து, "இவனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரிப்படும், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நாங்கள் அதிகம் படித்தவர்கள் இல்லை. என்ன பேசுவது என்றே தெரியவில்லை. — ஒரு தாய், நாமக்கல்

பதில்: முதலில், மாற்றுச் சான்றிதழ் கேட்டு நீங்களாக எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். "பெற்றோரே விருப்பப்பட்டு அழைத்துச் சென்றுவிட்டார்கள்" என்று பதிவாகிவிட்டால், பிறகு யாரிடம் முறையிட்டாலும் உங்கள் பக்கம் வலுவிழந்துவிடும். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் அனைத்துக்கும் பொருந்தும். மெட்ரிகுலேஷன் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளிதான். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதும், குழந்தையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தருவதும், கற்றல் குறைபாடு இருந்தால் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்ற முறையில் கற்பிப்பதும் பள்ளியின் கடமை என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. கண்டறியவேண்டிய பொறுப்பிலிருந்த பள்ளி, கண்டறியாமலேயே சோம்பேறி என்று பெயர் சூட்டியிருக்கிறது.

அதற்காக நாளைக்கே சட்டப் புத்தகத்தோடு போய் நிற்கவேண்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்) போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதைக் கடிதத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. கண் பார்வையையும் காது கேட்கும் திறனையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து பலகை தெரியாமல் தடுமாறும் குழந்தைகளும் உண்டு. அடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே விதமாகத் தடுமாறுகிறானா என்று கவனியுங்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்காத குழந்தை ஆங்கிலப் பாடத்தில் மட்டும் பின்தங்கினால் அதற்குப் பயிற்று மொழியே காரணமாக இருக்கலாம். தமிழில் ண, ன, ந மயங்குவது அந்த வயதில் பெரும்பாலோர்க்கும் நேர்வதுதான். அதை மட்டும் வைத்து அஞ்சவேண்டாம். படித்த சொல்லையே அடுத்த வரியில் புதிய சொல்போல எழுத்துக்கூட்டுகிறானா, வாயால் சொல்வதற்கும் எழுதுவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறதா என்பவையே முக்கியம்.

முறையான மதிப்பீட்டுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தையோ மனநலப் பிரிவையோ அணுகலாம். தனியாரிடம் செல்வதானால், மதிப்பிடுபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. கற்றல் குறைபாட்டுக்கான அரசுச் சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்குப் பிறகே தரப்படுகிறது. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டான்.

மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெற்றோர் பலர் "என் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். பள்ளியும் "சரி" என்று சொல்லிவிடுகிறது, ஒன்றும் நடப்பதில்லை, நடக்கவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. ஆகவே செய்தார்களா இல்லையா என்று எவரும் பார்த்துச் சொல்லக்கூடிய கோரிக்கைகளாக எழுதுங்கள். கீழே உள்ளதுபோல எளிய தமிழில் இருந்தாலே போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். 4-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகன் வாய்மொழியாக நன்றாகப் பதில் சொல்கிறான். பார்த்து எழுதுவதிலும் வாசிப்பதிலும் மிகவும் சிரமப்படுகிறான். மருத்துவ மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்துவருகிறோம். அதுவரை, முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பின் முன் அவனை உரக்க வாசிக்கச் சொல்லவேண்டாம் என்றும், பலகைக் குறிப்புகளை வேறொரு மாணவரின் நோட்டிலிருந்து நகலெடுத்துக்கொள்ள அனுமதிக்குமாறும், அறிவியல், சமூக அறிவியல் தேர்வுகளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் ஒரு பகுதியை வாய்மொழியாகக் கேட்குமாறும் வேண்டுகிறோம். ஆறு வாரம் கழித்து இதில் எது பயன்பட்டது என்று வகுப்பாசிரியையுடன் பேச ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் உதவியாக இருக்கும்."

இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் செய்து வையுங்கள். முதல்வர் மறுபடியும் "ஸ்பெஷல் ஸ்கூல்" என்று தொடங்கினால், "நீங்கள் சொல்வதை எழுத்தில் தாருங்கள் ஐயா, காரணத்தையும் குறிப்பிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். வாயால் எளிதில் சொல்லப்படும் பல சொற்கள் தாளில் இறங்கத் தயங்கும். எழுதிக் கொடுத்தாலும், ஆறு வாரத்தில் எந்த அசைவும் இல்லாவிட்டாலும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அந்த நகல்களை இணைத்து மனு கொடுக்கலாம். பெரிய படிப்பு இதற்குத் தேவையில்லை. பிள்ளையைப் பற்றி நீங்கள் எங்களுக்கு எழுதியிருக்கும் விதமே தெளிவாக இருக்கிறது. அதையே பள்ளிக்கும் எழுதுங்கள்.

கேள்வி: மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கற்றல் குறைபாடு உண்டு. மருத்துவக் குழு தந்த அறிக்கையில் பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்று இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பொதுத்தேர்வில் எந்தச் சலுகையும் கேட்க முடியாது என்று பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அது சரியா? — ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: அலுவலகத்தில் சொன்னது முழுக்கச் சரியன்று. 40 விழுக்காடு என்ற வரம்பு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட உரிமைகளுக்கு உரியது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் (எழுத்தர்), இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பேசும் 17-ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்புடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தமக்கு எழுத்தர் வேண்டும் என்று தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவுபடுத்தியது: 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக எழுத்தர் வசதியை மறுக்கக்கூடாது. அதே ஆண்டு நவம்பரில், நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட டிஸ்கிராஃபியா மாணவி ஒருவரின் வழக்கிலும் இந்த வேறுபாட்டை நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. இதைத் தொடர்ந்து, 40 விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்போடு எழுதச் சிரமப்படுவோருக்கான வழிகாட்டுதலை 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்டது.

ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வுக்கூட வாசலில் வாதாடிப் பயனில்லை. மாநிலப் பொதுத்தேர்வுக்கான சலுகைகளுக்குத் தேர்வுக்கு வெகு முன்னரே பள்ளி வழியாக விண்ணப்பித்து, அரசுத் தேர்வுகள் துறையின் ஆணையைப் பெற்றிருக்கவேண்டும். ஆகவே காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் வேலையைத் தொடங்குங்கள். மருத்துவ அறிக்கையில் விழுக்காடு மட்டும் இருந்தால் போதாது. "இந்த மாணவிக்கு எழுதும் வேகம் குறைவு, கூடுதலாக ஒரு மணி நேரமும் எழுத்தர் வசதியும் தேவை" என்பதுபோல எது தேவை என்பதை மருத்துவர் குறிப்பிட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் திரும்பச் சென்று கேட்டு வாங்குங்கள். பள்ளி விண்ணப்பத்தை அனுப்ப மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் பெற்று முதன்மைக் கல்வி அலுவலரைச் சந்தியுங்கள்.

இன்னொன்று. எழுத்தரை வைத்துத் தேர்வெழுதுவது தனிப் பழக்கம். மனத்தில் இருக்கும் விடையை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லி, கணக்கில் எந்த வரியில் எதை எழுதவேண்டும் என்று குறிப்பிட்டு, சொன்னதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்கப் பழகாத பிள்ளைக்கு எழுத்தர் கிடைத்தும் பயன் குறைவு. அரையாண்டுத் தேர்வையும் திருப்புதல் தேர்வுகளையும் அதே முறையில் எழுத அனுமதிக்குமாறு பள்ளியிடம் இப்போதே கேளுங்கள்.

மொழிப் பாட விலக்கை மட்டும் அவசரப்பட்டுக் கேட்கவேண்டாம். மேற்படிப்பில் எந்த மொழியைக் கேட்பார்கள் என்று விசாரித்து, மகளிடமும் பேசி, பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகன் இந்த ஆண்டு 1-ஆம் வகுப்பில் சேர்ந்தான். சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் நான் நாள் முழுவதும் அவனோடு வகுப்பில் உட்காரவேண்டும், அல்லது எங்கள் செலவில் 'ஷேடோ டீச்சர்' (அவனுடனேயே இருந்து உதவும் தனி ஆசிரியர்) வைக்கவேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இதற்காக நான் வேலையை விட்டுவிட்டேன். — ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: நன்றியுணர்ச்சி உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது, எனினும் மகனைச் சேர்த்துக்கொண்டது பள்ளியின் கடமை. தாய் வகுப்பில் உட்காரவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் நிபந்தனை இல்லை. தேவையான ஆதரவைத் தனிப்பட்ட முறையிலோ வேறு வகையிலோ தரவேண்டிய பொறுப்பை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியின் மீதே வைக்கிறது. உங்கள் பள்ளி சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்றதாக இருந்தால், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்பது அந்த வாரியத்தின் விதி; அவர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் மகனோடு இருக்கிறார் என்று கேளுங்கள்.

வெளிநாட்டு இணையதளங்களைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் சிலர், "தனிநபர் கல்வித் திட்டக் கூட்டம் நடத்துவது சட்டப்படி கட்டாயம்" என்று பள்ளியில் சொல்லிப் பேச்சை முறித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அது சட்டம் வகுத்த நடைமுறை. நம் சட்டம் அப்படியொரு படிவத்தையோ கூட்டத்தையோ பெயர் சொல்லி வகுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்கவேண்டும் என்று சொல்கிறது. ஆகவே "இந்தப் பருவத்துக்கு என் மகனுக்கான இலக்குகள் எவை, யார் பொறுப்பு, எப்போது பார்ப்போம் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டாலே நீங்கள் விரும்புவது கிடைத்துவிடும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இந்த நாள்களை வீணாக்காமல் குறிப்பெடுங்கள். எந்த நேரத்தில் எழுந்து ஓடுகிறான், அதற்கு முன் என்ன நடந்தது, எதைச் செய்ததும் அமைதியானான் என்று மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்று போதும். மணி அடிக்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போகிறான் என்று தெரிந்தால், தேவைப்படுவது நாள் முழுவதும் ஒரு ஆள் இல்லை. மணி இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி ஓர் இருக்கையும், மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் அவனுக்குக் கிடைக்கும் ஓர் அறிகுறியும்தான். அந்தக் குறிப்புகளோடு முதல்வரைச் சந்தித்து, படிப்படியாக விலகும் திட்டம் ஒன்றை முன்வையுங்கள்: முதலில் மதியம் மட்டும் வெளியே வந்து காத்திருப்பது, அடுத்து வளாகத்துக்கு வெளியே, பிறகு அழைத்தால் மட்டும் வருவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி இருக்கட்டும். கூட்டம் முடிந்த அன்று மாலையே, "இன்று நாம் பேசி முடிவெடுத்தவை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மறுத்து எழுதாதவரை அதுவே பதிவாக நிற்கும்.

பள்ளி எதற்கும் இசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். நேரில் அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான் என்றாலும், ஆணையர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனதும் பள்ளி பேச்சுவார்த்தைக்கு வருவது வழக்கம். ஆனாலும் இது கடைசிப் படியாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. அந்தப் பள்ளியில் அவன் இன்னும் பல ஆண்டுகள் இருக்கவேண்டும். அன்றாடம் அவன் கையைப் பிடித்து அழைத்துச் செல்லப்போவது அந்த ஆசிரியைதான்.

கேள்வி: மூளை முடக்குவாதம் உள்ள எங்கள் பேத்தி கிராமத்து நடுநிலைப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு படிக்கிறாள். கழிப்பறையில் பிடிமானம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். வாரம் ஒருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநரும் சில வாரங்கள் வருவதில்லை. யாரிடம் கேட்பது? — ஒரு தாத்தா, சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, கழிப்பறையை முதல் கோரிக்கையாக வையுங்கள், மற்றவை பிறகு. தண்ணீர் குடிக்காமல் இருப்பது உடலைக் கெடுக்கும். இரண்டு கைப்பிடிக் கம்பிகள், மேற்கத்திய இருக்கை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு என்று அளவோடு எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோரே. உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருப்பார். சிறு வேலை என்றால் ஊரிலேயே முடிந்துவிடும். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிவாருங்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்தைச் சேர்ந்தவர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்வதால் இடைவெளி விழுகிறது. தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் குறிப்பிட்டிருக்கிறது; நடப்பு அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லாமல், அவர் வரும் கிழமையைக் கேட்டு, அன்று நீங்களோ பேத்தியின் தாயோ உடனிருந்து பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். வராத வாரங்களின் தேதியைக் குறித்துவைத்து வட்டார வள மைய மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். இயன்முறை மருத்துவர், உதவி உபகரணங்கள், துணையுடன் பள்ளி வந்து செல்வதற்கான படி ஆகியவையும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு. பேத்தியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கினால் பிள்ளைக்கு நிரந்தரமாக முத்திரை குத்தப்பட்டுவிடும் என்று மாமியார் தடுக்கிறார். — ஒரு மருமகள், கும்பகோணம்

பதில்: சான்றிதழ் உங்கள் பெட்டியில் இருக்கும் தாள். எங்கே காட்டவேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அது இல்லாவிட்டால் தேர்வுச் சலுகைகளைக் கேட்க இயலாது; தேவைப்படும் ஆண்டில் அவசரமாக வாங்கவும் முடியாது. வகுப்பில் 'மக்கு' என்று அழைக்கப்படுவதும் ஒரு முத்திரைதான் என்பதை மாமியாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட மருத்துவர் சொல்வதற்குப் பல வீடுகளில் மதிப்பு அதிகம்.

கேள்வி: நான் பெற்றோர் இல்லை, ஆசிரியை. என் வகுப்பில் 45 பிள்ளைகள். தனிக்கவனம் தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் வரும்போதெல்லாம் சண்டையாகவே முடிகிறது. அவர்கள் எப்படி வந்தால் எங்களால் உதவ முடியும் என்பதையும் நீங்கள் எழுதவேண்டும். — ஓர் ஆசிரியை, விழுப்புரம்

பதில்: நியாயமான கேள்வி. பள்ளிக்குப் போகும் பெற்றோர், மருத்துவ அறிக்கையின் இருபது பக்கங்களை ஆசிரியர் கையில் திணிப்பதைத் தவிர்க்கலாம். 45 பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு அதைப் படிக்க நேரம் கிடைக்காது. அதன் மேல் ஒரே ஒரு பக்கம் வையுங்கள்: என் பிள்ளைக்கு எது நன்றாக வரும், எது வராது, கலங்கிப்போனால் என்ன செய்தால் தெளிவான், எதைச் செய்தால் மோசமாகும், அவசரத்துக்கு யாரை அழைக்கவேண்டும். கல்வியாண்டின் நடுவில் ஆசிரியர் மாறினாலும் அந்தப் பக்கம் கைமாறும்.

காலை வழிபாட்டு நேரத்திலும் பள்ளி விடும் நேரத்திலும் வாசலில் நிறுத்திப் பேசாமல், முன்கூட்டி நேரம் கேட்டு வருவது நல்லது. ஒரே சந்திப்பில் பத்துக் கோரிக்கைகளை வைக்காமல் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டால் ஆசிரியரால் செய்து காட்ட முடியும். பிள்ளையை எதிரில் நிறுத்திக்கொண்டு அவன் குறைகளைப் பேசுவதை இரு தரப்பும் தவிர்க்கவேண்டும். செய்தது பயன்பட்டால், அதையும் நோட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். முதல்வருக்குப் போகும் கடிதத்திலும் ஆசிரியையின் உதவியைக் குறிப்பிடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியை அவர்களே. "என்னால் முடியாது" என்று பெற்றோரிடம் சொல்வதற்குப் பதிலாக, "இந்த வகுப்பில் இந்தக் குழந்தைக்கு இந்த உதவி தேவைப்படுகிறது" என்று தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் கடிதமும் பெற்றோரின் கடிதமும் ஒரே கோப்பில் இருந்தால், சிறப்புப் பயிற்றுநர் வேண்டும் என்று கேட்கத் தலைமையாசிரியருக்கும் ஆதாரம் கிடைக்கும்.